ஐந்தாவது வருடத்து வாடகை

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது வீட்டுக்குப் பின்னால் இருந்த அணைச்சுவர். போன மழையில் விழுந்த வெடிப்பைச் சீமெந்து வைத்து அடைத்திருந்தார்கள். பூச்சு இன்னும் காயவில்லை.

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வழியில் இருக்கும் அந்த வீட்டை, பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதி முழுவதையும் போட்டு வாங்கியிருந்தேன். இரண்டு அறை, ஒரு குசினி. வாடகைக்கு இருந்தவர் நகரத்து மருந்துக் கடையொன்றில் வேலை செய்பவர், ஹேவாஹெட்டயில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மனைவி, ஒரு மகள். நான்கு வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை பிந்தவில்லை. சுவரைப் பூசியதும் அவர்தான். சீமெந்துக் காசை அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அன்று போனது கணக்குப் பார்க்க. வங்கிகள் நிலையான வைப்புக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கொடுத்த காலம் அது. வீட்டின் விலை, உறுதிப் பத்திரம் எழுதிய செலவு, கூரை மாற்றிய செலவு எல்லாவற்றையும் கூட்டினேன். வருட வாடகையில் மாநகரசபை வரியைக் கழித்து, மிச்சத்தை அந்தத் தொகையால் வகுத்தேன். நூற்றுக்கு நான்குகூட வரவில்லை.

வீட்டை வாங்கித் தந்த தரகரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஊட்டுக்கா சேர் வாடக? அட்ரஸுக்குத்தான்."

வீட்டுக்குக் கிட்ட ஒரு பெயர் பெற்ற பெண்கள் பாடசாலை இருந்தது. முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், ஐந்து வருடம் தொடர்ந்து அவ்வட்டாரத்தில் குடியிருந்ததைப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தால் காட்டினால் கூடுதல் புள்ளி. பிள்ளை பிறந்த கையோடு வீடு தேடுகிறவர்கள் கண்டியில் நிறையப் பேர். இரு மடங்கு வாடகையும் ஒரு வருட முற்பணமும் தர ஆள் இருப்பதாகத் தரகர் சொன்னார்.

மருந்துக் கடைக்காரரும் அதற்காகத்தான் வந்திருந்தார். எனக்கு அது தெரியும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரும்படி முதல் நாளே கேட்டவர் அவர். ஐந்தில் நான்கு வருடம் முடிந்திருந்தது.

அடுத்த முறை போய் இரு மடங்கு வாடகை என்று சொன்னதும் அவர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். பாதி கூட்டித் தருவதாகச் சொன்னார். தரகர் விலை பேசி முடித்துவிட்டார் என்றேன். அது பொய்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் சார். புள்ளைய சேத்துட்டா நாங்களே போயிருவோம்."

"ஒப்பந்தம் இந்த மாதத்தோட முடியுதெல்லோ, தம்பி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தை எந்தப் பக்கத்தில எழுதினீங்கள், வரவிலயோ செலவிலயோ?"

அது இந்தக் கணக்கில் வராது என்றேன்.

வீட்டைப் புதிதாக வாடகைக்கு எடுத்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஒரு கட்டிலும் நான்கு கதிரையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். அறைகளில் பூஞ்சணம் ஏறியிருக்கிறது. வாடகை மட்டும் நாள் தவறாமல் வருகிறது. வங்கி வட்டியும் பிறகு இறங்கிவிட்டது. இப்போது போட்டுப் பார்த்தால் வீடுதான் இலாபம். கணக்கில் நான் எங்கேயும் பிழை விடவில்லை.

சென்ற மாதம் பிரஷர் குளிசை வாங்க வழக்கமான கடைக்குப் போனேன். அங்கே இருப்பு இல்லாததால், வீட்டில் முன்பு இருந்தவர் வேலை செய்யும் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் குளிசைகளை எண்ணி உறையில் போட்டார். மகளைப் பற்றி விசாரித்தேன்.

"சேத்தாச்சு சார். ஹேவாஹெட்டயில, நான் படிச்ச ஸ்கூல்தான். புள்ளையோட அம்மாவும் அங்கதான் இருக்காங்க. நான் சனிக்கிழம போயிட்டு வருவேன்."

உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதி, மிச்சக் காசோடு நீட்டினார்.

அந்தத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருக்கிறது.