அஞ்சலையம்மாவின் படத்துக்குப் போட்ட பூ

1. "உள்ள என்னா குடுப்பாங்க?"

கடலூரில் ஒரு பொது ஓவியக்கூடத்தில் பதினெட்டு வருஷம் உதவியாளனாக இருந்துவிட்டு, சமீபத்தில்தான் ரிட்டையர் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"டிக்கெட் எவ்ளோ சார்?"

"ஃப்ரீதாங்க."

"ஃப்ரீயா? உள்ள என்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. படம் பாக்கலாம்."

"இதுக்கு எதுக்கு ஃப்ரீ?" என்று கேட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

பிறகு பழகிவிட்டது. மே மாசத்தில் வருகிறவர்கள், ஃபேனுக்கு நேராக மாட்டிய படங்களைத்தான் ரொம்ப நேரம் ரசிப்பார்கள். வந்தவரை சந்தோஷம் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

2. என் கெட்டிக்காரத்தனம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் எல்லா ஆபீஸிலும் பூஜை உண்டு. ஒரு வருஷம் எங்கள் மேடம் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போனபோது, "பாலு, பூஜைய முடிச்சிடுங்க. படங்க மேல மட்டும் கைய வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏணி, மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவல், டிரில்லிங் மெஷின், தீயணைப்பு சிலிண்டர், துடைப்பம் வரை சந்தனம் குங்குமம் வைத்தேன். பொரி, கடலை படைத்துச் சூடம் காட்டினேன். ரெண்டு முழம் கதம்பம் மிஞ்சிவிட்டது. சரஸ்வதி பூஜையும்தானே, ஒரு சரஸ்வதி படத்துக்குப் போடலாம் என்றால் எங்கள் கூடத்தில் சரஸ்வதி இல்லை. முன்ஹாலில் இருந்த பெரிய படம் மீன் கூடையோடு ஒரு அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. மகாலட்சுமி மாதிரி முகம். சரி இதுவும் பெண்தானே என்று ஃப்ரேமில் மட்டும் பொட்டு வைத்து, மேல் விளிம்பில் இருந்து பூவைத் தொங்கவிட்டேன். கேன்வாஸில் விரல் படவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

பொரியைக் கூட இன்னும் வாயில் போடவில்லை. இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். மூத்தவருக்கு மூச்சு வாங்கியது. இளையவள் கையைப் பிடித்திருந்தாள். மூத்தவர் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மூக்குத்தியைப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே ஒற்றைக்கல் மூக்குத்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்பா, நான் செத்துட்டனா?" என்றார் அந்த அம்மா.

3. ஏணிக்கும் அதே பொட்டு

அவர் பெயர் அஞ்சலை. பிச்சாவரம் பக்கம் ஒரு குப்பம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓவியர் கரையில் உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டு போயிருக்கிறார். படம் கடலூரில் இருக்கிறது என்று தெரியும். காசு கேட்பார்கள் என்று வரவே இல்லையாம்.

மருமகள் செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுதுவிட்டாள்.

"வர்ற திங்கக்கெழம பாண்டில ஹார்ட் ஆபரேசன் சார். இதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒரு மாசமா கெஞ்சி ஒத்துக்க வெச்சோம். போறதுக்கு முன்னாடி அந்தப் படத்த ஒருதரம் பாக்கணும்னாங்க. அதுக்குத்தான் சிதம்பரத்துல பஸ் ஏறி வந்தோம். இப்ப ஆபரேசனே வாணாம்ங்கிறாங்க."

என் கையால் ஒரு உயிருக்கு உலை வைத்துவிட்டேனே என்று பதறினேன். ஓடிப்போய்ப் பூவை எடுத்தேன். ஏணியைத் தூக்கிவந்து காட்டினேன். சிலிண்டரைக் காட்டினேன், துடைப்பத்தையும் காட்டினேன். "பாருங்கம்மா, எல்லாத்துக்கும் வெச்ச பொட்டுதான்."

"என்ன தொடப்பத்தோட சேத்துட்டியா?" என்றார். லேசாகச் சிரித்தார். உடனே முகம் மாறிவிட்டது. "அதுக்கெல்லாம் உசுரு இல்லப்பா. எனக்கு இருக்கு. வா செல்வி, ஊட்டுக்குப் போலாம்."

வாசலில் ஸ்டாஃப் போர்டு இருக்கும். அதில் என் போட்டோவும் உண்டு. என்ன தோன்றியதோ, கையில் இருந்த பூவை அதன் மேல் மாட்டிவிட்டேன்.

"இப்ப நானும் செத்துட்டேன். சேந்தே போலாம் வாங்க."

"அடப்பாவி!" படியில் இறங்கியவர் திரும்பி வந்துவிட்டார். "புள்ள குட்டி இருக்கா இல்லியா ஒனக்கு? கழட்டுடா அத மொதல்ல!"

"கழட்டுனா தோஷம் போயிடுமாம்மா?"

"போயிடும். கழட்டு."

கழற்றினேன். "அப்ப உங்க படத்துலேருந்து கழட்டுனதும் போயிடுச்சு இல்ல?"

அவர் என் கையிலிருந்து பூவை வாங்கிப் பாதியாகப் பிரித்தார். ஒன்றைச் செல்வி தலையில் வைத்தார், மற்றதைத் தன் கொண்டையில் செருகினார்.

"பூஜப் பூவு. வீணாக்கக் கூடாது. பொரி இருந்தா குடு, பஸ்ல சாப்புடுறோம்."

4. பொங்கல் கழித்து

ஃபோன் நம்பர் வாங்க மறந்த முட்டாள் நான். ஆபரேஷன் நடந்ததா, பிழைத்தாரா, ஒன்றும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் அந்தப் படத்தைத் தூசி தட்டும்போதெல்லாம் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வந்தா என்னயும் கூப்புடுங்க" என்றார்.

பொங்கல் கழித்து ஒரு நாள் அஞ்சலையம்மா செல்வியோடு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் மூச்சு வாங்காமல் படியேறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. மேடம் நாற்காலி போட்டார். அஞ்சலையம்மா படத்துக்கு எதிரே உட்கார்ந்து, தன்னையே நிதானமாகப் பார்த்தார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வருஷக் கணக்காகத் தூசி தட்டினேன், அந்தப் படத்தில் இருக்கிறவர் ஒரு நாள் வாசலில் வந்து நிற்பார் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டும் பூவும் ஏணியோடு நிற்கட்டும்.

அன்று அஞ்சலையம்மா கிளம்பும்போது ரிஜிஸ்டரை நீட்டினேன். அவர் சொல்லச் சொல்ல, கருத்து என்ற இடத்தில் செல்வி எழுதினாள்:

"நேர்ல வந்து பாத்தேன். நல்லா இருக்கேன். படத்துக்குப் பூ வாணாம்."