கம்ப்ரசர் பூட்டிய வாரம்

என் மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, எங்கள் பிக்கப் வண்டியின் மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. ஆம்பூர் டேனரிகளிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குத் தோல் ஏற்றிப்போகும் வண்டி. சுமை இருந்தால் அடங்கிப் போகும். காலியாக இருந்தால் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போடும். அவளால் உட்கார முடியாது. பின்னால் மெத்தை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, படுக்கவைத்துத்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். ஒருமுறை ஆம்புலன்ஸ் வைத்துப் பார்த்தோம். அதுவும் குலுக்கியது. போதாததற்கு, சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்து பார்த்தது.

"நம்ம வண்டியே போதும். வலிச்சா கத்திக்கிறேன், யாருக்கும் கேக்காது" என்றாள்.

அவள் கத்தியதில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடுப்பிலிருந்து கால்விரல் வரைக்கும் கீறிக்கொண்டு இறங்குகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது முந்தானை எச்சிலில் நனைந்து கசங்கியிருக்கும்.

பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் என் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர். அவர்தான் யோசனை சொன்னார். ஸ்பிரிங் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிவிட்டு, பின் அச்சுக்கு மேலே இரண்டு ரப்பர் காற்றுப் பைகளை வைத்தார். அவற்றுக்குக் காற்று ஏற்ற, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்றையும் மாட்டினார். அது ஒரு பயணம்கூடத் தாங்கவில்லை. பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் சூடேறிக் கருகிப்போனது. பைகள் அமுங்கிவிட்டன. மீதி தூரம் முழுக்க அச்சு இரும்பில் இடித்துக்கொண்டே போனது. அன்றைக்கு இறக்கும்போது அவள் உதட்டில் ரத்தம்.

நான் பட்டறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பாய் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"பேட்டரிய நம்பினா பேஜார்தான். இன்ஜின்லயே பூட்டிடுவோம். வண்டி ஓடுற வரைக்கும் காத்து வந்துனே இருக்கும்."

என் வண்டியில் ஏசி கிடையாது. ஏசி கம்ப்ரசர் உட்காரவேண்டிய இடம் இன்ஜின் பக்கத்தில் காலியாக இருந்தது. தடித்த இரும்புத் தகட்டை வெட்டி, துளையிட்டு, காற்று கம்ப்ரசரை அங்கே உட்காரவைத்தார். இன்ஜினில் சுற்றும் பெல்ட் இதையும் சுற்றவைக்க வேண்டும். முதலில் பெல்ட் கிறீச்சிட்டது. பெல்ட் ஓடும் புல்லி ஒரு மயிரிழை வெளியே நின்றது. கழற்றி, வாஷர் சொருகி, மறுபடி பூட்டினோம். சேஸிஸுக்கு அடியில் காற்று டேங்க். டேங்கிலிருந்து பைகளுக்குக் குழாய். இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று இரண்டு பேரும் தரையில் படுத்துப் பார்த்தோம். நுரை வரவில்லை. பாய் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

எவ்வளவு காற்று வைப்பது என்பதுதான் கேள்வி. அதை அவளைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே அவளை மெத்தையில் படுக்கவைத்து, பட்டறைக்குப் பின்னாலிருக்கும் கப்பி ரோட்டில் மெதுவாக ஓட்டினேன். பாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாம்மா, எப்படி இருக்குது?"

"ஜாஸ்தி பாய். கல்லு மாதிரி இருக்கு."

காற்றைக் குறைத்தோம்.

"இப்ப தொட்டில்ல போட்ட மாதிரி அலையுது. கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினோம். குறைத்தோம். திரும்பத் திரும்ப அதே ரோட்டில் போனோம். ஒருமுறை அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இதான். இதை யாரும் தொடாதீங்க" என்றாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் வேலூர் போனோம். வழி நெடுக அவள் முனகவில்லை. ரோடு வேலை நடந்த இடத்தில் வண்டி இறங்கி ஏறியபோது பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வாயில் முந்தானை இல்லை. தார்ப்பாய் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பாய்க்கு போன் போட்டேன். "வலியே இல்லியாம் பாய்! ஒரு இடத்துலகூட இல்லியாம்!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ உருதுவில் அதைச் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

உள்ளே டாக்டர் ஒரு குண்டூசியால் அவள் பாதத்தைத் தொட்டார். "தெரியுதா?" முட்டியைத் தொட்டார். "இது?" தொடையைத் தொட்டார். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கட்டி தண்டுவடத்தை நெருக்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பத்திலேர்ந்து?"

"காலைல எழுந்தப்பவே மரத்துப்போயிருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது உன் மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வாய் வரல." என் கையைப் பிடித்தாள். "ஆனா அன்னிக்கு பட்டறைல மரத்துப்போவல. அன்னிக்கு நெஜமாவே வலி கம்மிதான். அது பொய்யில்ல."

மழைக்காலம் தொடங்கும் முன்பே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் பாய் வீட்டுக்கு வந்தார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு தடவையாச்சும் தங்கச்சி நிம்மதியா ஆஸ்பத்திரி போச்சே. அத நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன்" என்றார்.

"ஆமா பாய்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். வாசல் வரைக்கும் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் யாரும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு டேனரிக்குக் கிளம்பினேன்.