முப்பது கிலோவுக்கு மேல்

எங்கள் ஆபீஸில் அவளுக்குத் தராசு என்று பெயர். வைத்தது நான்தான். நான் கவசம் வரைகிறவள், அவள் அதற்கு எடை போடுகிறவள். ஒரு வாரம் கண் எரிய, ஆணி ஆணியாக வரைந்து ஓர் இரும்பு மார்புக்கவசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “ரொம்ப அழகா இருக்குக்கா” என்பாள். சொல்லிக்கொண்டே தன் அட்டவணையில் பதினெட்டு என்று தட்டுவாள். பதினெட்டு கிலோ. அதற்கப்புறம் என் ஆணிகளை ஒரு ஜென்மமும் திரும்பிப் பார்க்காது, அந்தப் பதினெட்டைத்தான் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாங்கள் செய்தது, பக்கத்துக்குப் பத்துப் பேராக இணையத்தில் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு. கனமான கவசம் போட்டவன் ஆறேழு அடி தாங்குவான், ஆனால் அவன் எறியும் ஈட்டி தடுமாறும். இலேசான கவசக்காரன் குறி தப்பாமல் எறிவான், ஆனால் ஒரே அடியில் மண்ணைக் கவ்வுவான். ஆட்டமே இந்த ஒன்றில்தான் நின்றது. அது சாயாமல் பார்த்துக்கொள்ளத்தான் தராசுக்குச் சம்பளம்.

அது சாய்ந்தது. எறிதல் திறமையில் பத்தாவது படியை எட்டியவனுக்கு எடையால் வரும் தடுமாற்றம் அறவே இல்லாமல் போகும்படி அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவ்வளவு தூரம் யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ஏறினார்கள். தலை முதல் கால் வரை இரும்பைப் போட்டுக்கொண்டு, அசையாமல் நின்று, ஈட்டி ஈட்டியாக எறிந்தார்கள். ‘பீரோவுக்குள்ள நின்னுக்கிட்டு எறியறானுங்க’ என்று புகார்கள் வந்து குவிந்தன. அந்தப் பீரோக்களின் பட்டியலில் முதலிடத்தில் ‘தூண்’ என்று ஒருவன். எதிராளியின் தலைக்கவசத்தில் கண்ணுக்கு விட்டிருக்கும் இடுக்குக்குள்ளேயே ஈட்டியைச் செருகுவான்.

“யாருடி இந்தத் தடியன்? வேலை வெட்டி இல்லாதவனா?” என்றேன்.

“அது எங்க அண்ணன்க்கா” என்றாள்.

அவள் அண்ணன் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் இயந்திரம் அவருடைய இடது கையை முழங்கை வரை இழுத்துவிட்டது. கை இருக்கிறது, ஆனால் விரல்கள் கேட்பதில்லை. அன்றிலிருந்து வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை, பொழுது போகட்டும் என்று தராசுதான் எங்கள் ஆட்டத்தில் உட்கார வைத்தாள். இந்த ஆட்டத்தில் ஓடவும் ஒதுங்கவும் கீபோர்டில் இடது கை வேண்டும், எறிய மவுஸில் வலது கை போதும். ஓட முடியாதவர் என்ன செய்வார்? இருப்பதிலேயே கனமான கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார். மூன்று மாதத்தில் தூண் ஆனார். முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். வாசலில் நிற்கிறவர்களோடு பேச ஆரம்பித்தார். அந்த வாரம்தான் பட்டறை முதலாளியே கூப்பிட்டு, கடைந்து முடித்த சாமான்களை அளவு பார்க்கும் வேலை இருக்கிறது, நிதானமான ஒரு கை போதும், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்துவிடு என்றிருந்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அந்தக் கணக்கை அவள் திருத்த வேண்டும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஈட்டிகளை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்துப் பார்த்தாள். எறிந்ததை நடந்துபோய் எடுக்க வேண்டும், அண்ணனால் முடியாது. கனமானவனின் ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தாள். அண்ணனுக்கு நஷ்டமில்லை, ஆனால் மற்ற பீரோக்களும் ஓடுவதில்லையே, புகார் ஒன்றுகூடக் குறையவில்லை. எந்த எண்ணைத் தொட்டாலும் ஒன்று ஆட்டம் கெட்டது, இல்லாவிட்டால் அண்ணன் கெட்டார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நகத்தைக் கடிப்பாள். நான் தேநீர் வாங்கிவந்து வைப்பேன். வேறென்ன செய்ய?

கடைசியில் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்வதால் அவருக்குப் ‘பார்க்கலாம்’ என்று பெயர். அன்றைக்கு அதைக்கூட அவர் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

“அண்ணனுக்காக ஆட்டத்தைத் திருத்தாம விட்டுவெச்சிருக்கோம்னு நாளைக்கு வெளியில தெரிஞ்சா, நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். என்னம்மா பண்றது, சொல்லு.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். முப்பது கிலோவுக்கு மேல் அணிந்தவன் பத்தாவது படியில் இருந்தாலும் அவன் எறியும் ஈட்டி, தூரத்தில் ஒரு சாண் விலகும் என்று மாற்றினாள். விலகலிலேயே மிகச் சின்னது அதுதான். அவளால் முடிந்த தயவு அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எடையை மாற்றினால் இரண்டு வாரம் மூச்சு விடக் கூடாது. முன்கூட்டிச் சொன்னால் ஆடிப் பார்ப்பதற்கு முன்பே சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் சத்தமில்லாமல் மாற்றி, பழகவிட்டு, பிறகுதான் அறிவிப்போம். இவளும் விதியை மதித்து வாயைக் கட்டிக்கொண்டாள். நானாக இருந்தால் அன்று மாலையே உளறியிருப்பேன். இவளுக்கு அந்த நல்ல புத்தி இல்லை.

மூன்றாம் நாள் அண்ணன் சொன்னாராம்: “கை சரியில்லைம்மா. ஈட்டி தள்ளிப் போகுது.”

“தூக்கம் போதலையா இருக்கும்” என்று சமாளித்திருக்கிறாள்.

மற்ற பீரோக்கள் மார்பைப் பார்த்து எறிகிறவர்கள். நாலில் ஒன்று தவறினால் எதிராளியைத் திட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். கண் இடுக்குக்குக் குறிவைக்கிற ஒரே ஆளுக்குத்தான் அந்த ஒரு சாண் தெரிந்தது. புகார்கள் மெல்லக் குறைந்தன. மாற்றியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வாரம் முடிந்ததும் பார்க்கலாம் சந்தோஷமாகச் சொன்னார்: “யாரும் கேக்கலையே! அப்புறம் எதுக்கு அறிவிப்பு? அப்படியே விட்டுடலாம்.”

அன்று மதியம் தராசுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அண்ணன் பட்டறைக்குப் போன் போட்டு வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். இருக்கிற கையும் நடுங்க ஆரம்பித்துவிட்டது, தப்பாக அளந்தால் முதலாளி தலையில் விடியும் என்றாராம். அவள் பையை எடுத்தாள். “நீயும் வாக்கா. நீ சொன்னா நம்புவார்” என்றாள். நானும் கிளம்பினேன்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டார், வலது கையால். தராசு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். முப்பது கிலோ, ஒரு சாண், இரண்டு வாரம், எல்லாம்.

அவர் கடைசி வரை கேட்டார். அப்புறம் சிரித்தார். கோபப்பட்டிருந்தாலும் தேவலை.

“சாட்சி எல்லாம் கூட்டிட்டு வந்திருக்க.”

“சத்தியமா மாத்தினாங்க. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்” என்றேன்.

“மாத்தியிருந்தா எல்லாரும் கத்தியிருக்க மாட்டாங்களா? ஆயிரக்கணக்குல ஆடறாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலையே. எனக்கு மட்டுமா தெரியும்?”

“உனக்கு மட்டும்தாண்ணா தெரியும்! உன்னை மாதிரி எறியறவன் எவனும் இல்லை!”

“இதத்தான் தேத்தறதுன்னு சொல்றது.” அவர் குரல் மாறவில்லை. “ஆஸ்பத்திரியில டாக்டர் உன்னைத் தனியா கூப்பிட்டுப் பேசினார். வெளியில வந்து என்ன சொன்ன? ரெண்டு மாசத்துல விரல் அசையும்னு சொன்ன. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். தினமும் காலைல எழுந்ததும் அசைச்சுப் பார்ப்பேன்.”

எனக்குத் தராசுமேல் கோபம் வந்தது. ‘பார்க்கலாம்’ மேல் வந்தது, என்மேலும் வந்தது. ஆபீஸ் அட்டவணையை வெளியில் கொண்டுவர முடியாது. அறிவிப்பும் கிடையாது. இரண்டு பெண்களின் வாய் வார்த்தையைத் தவிர அவரிடம் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

“கை நல்லாத்தான் இருக்கு. நீயே பாருண்ணா” என்று சொல்லி அவள் ஓடிப்போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். “எடு. எடுத்துப் பிடி.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் டம்ளரை வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது கையால் தூக்கினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தோம். அவரும் அதையேதான் பார்த்தார். முதலில் தண்ணீரின் விளிம்பு அசைந்தது. பிறகு விரல்கள். பிறகு மணிக்கட்டு. தண்ணீர் வழிந்து மேஜையில் ஓடி, கீபோர்டுக்கு அடியில் போய் நின்றது.

“பாத்தியா?” என்றார்.

பார்த்தோம். உண்மையாகவே நடுங்கியது.