கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற ஸ்டெல்லா டீச்சர்

விராலிமலையில் இலுப்பூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஸ்டெல்லா டீச்சரின் மகள் அழைத்தாள். “அம்மா காலையில தவறிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்.”

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். எங்களோடு ஜெர்மனிக்கு வந்த ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்திருந்தன. ‘மாமனிதர்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’. அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கியவர்களே போட்டிருந்தார்கள். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அவரிடம் வரலாறு படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய வாய் தெரியும். ஏன் நீக்கினார்கள் என்பது தெரியாது.

கோடை விடுமுறையில் பன்னிரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து போன சுற்றுலா அது. ஆற்றங்கரையில் ஒரு பழைய நகரம். முதலில் பெரிய தேவாலயம். பழைய மாதா கோயில் இருக்கிற ஆவூர்க்காரரான டீச்சர் நுழைந்ததும் முழங்காலிட்டார். எங்கள் ஆள் ஒருவர் பீடத்துத் தூணின் பொன்பூச்சை நகத்தால் சுரண்டி, “நெசத் தங்கமா?” என்று துகளை விரலில் ஒட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து வந்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அந்த விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். “நம்ம ஊர்க் கோயில்ல செய்வீங்களா இத?”

அரண்மனையில் கூரை முழுக்க ஓவியம். “வேலை செஞ்சவங்க எங்க படுத்தாங்க?” என்று வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அறைகளைக் காட்டுவதில்லை என்றார் அவர். டீச்சர் என் பக்கம் திரும்பினார். “அழகாத்தான் இருக்கு சார். ஆனா வயிறு எரியுது.”

அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோடு இருந்தது. நெற்றியில் கறுப்பு மையில் ஓர் எண். ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அதிகாரி கொண்டுவந்தது என்று கீழே எழுதியிருந்தது. இறந்தவரின் பெயர் இல்லை. எங்களோடு வந்த தலைமையாசிரியர் ஒருவர் பெட்டியில் கன்னத்தை ஒட்டி, நாக்கை நீட்டி செல்ஃபி எடுத்தார். அடுத்து எடுக்க நான்கு பேர் நின்றார்கள்.

“அழிங்க சார்,” என்றார் டீச்சர்.

“எலும்புதானே டீச்சர்.”

“ஒங்க ஆத்தா எலும்புன்னா நாக்க நீட்டுவீங்களா?”

பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்த பெண் காவலரிடம் கருத்தெழுதும் நோட்டைக் கேட்டார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

“வாங்க டீச்சர், எதுக்கு வம்பு?” என்றேன்.

“நீங்க போங்க சார். எழுதிக் குடுத்துட்டு வாரேன்.”

போனேன். பஸ்ஸில் தலைமையாசிரியர் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அவர் அந்தப் படத்தைக் காட்டினார். நானும் சிரித்துவைத்தேன். டீச்சர் அப்போதுதான் படியேறினார். என்னைப் பார்த்தார். பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஊர் திரும்பிய அன்றே அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அருங்காட்சியகத்திலிருந்து, அவர் நோட்டில் எழுதியிருந்த முகவரிக்கு, பரிசீலிப்பதாக இரண்டு வரி வந்தது. “பதில் போடுற அளவுக்காச்சும் கூச்சம் இருக்கு. நம்மாளுகளுக்கு அதுவும் இல்ல,” என்றார். அதன்பின் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

அந்த நோட்டில் எழுதியதை அவர் எடுத்து, பிறகு எனக்கு அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. ‘இவருக்கு ஒரு பெயர் இருந்தது. தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் இவருடைய மண்ணுக்கு அனுப்பி அடக்கம் செய்யுங்கள்.’ எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த வரிகளை. அவருடைய மௌனத்தையும்தான். நான் சிரித்ததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.