மார்த்தாவுக்கு இரண்டு ஹோர்ன்

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு நானும் மனைவி மாலினியும் ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய், பிறகு தெற்கே வயல்வெளிகளுக்குள் இறங்கினால் எல்டன் மில்ஸ். 174 கிலோமீற்றர். சின்ன ஊர், ஆனால் சொந்தமாக ஒரு பேய் வைத்திருக்கிறது.

பத்தரைக்குப் பேக்கரியில் கோப்பி 2.10 டொலர், பட்டர் டார்ட் 3.25. பேயின் வரலாறு இலவசம். ஆலைக்காரரின் மனைவி மார்த்தா, வண்டியோடு போன கணவனுக்காக ஒற்றைவழிப் பாலத்தில் இன்னமும் காத்து நிற்கிறாளாம். ஏறுமுன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தால் விலகி வழிவிடுவாளாம். பேக்கரிக்காரி சிரிக்காமலே சொன்னாள்.

பதினொன்று பத்துக்குப் பாலத்தடி. நடுவில் முதுகு தூக்கியிருந்ததால் அந்தப் பக்கம் தெரியவில்லை. போதாததற்கு ஏரியிலிருந்து பனிப்புகார்.

"ரெண்டு தரம் அடியுங்கோவன்," என்றாள் மாலினி.

"சும்மா இரும். இருபத்தாறு வருசமா இஞ்ச ஹோர்ன் அடிக்காமல் ஓடுறன். ஒரு பேய்க்காகப் பழக்கத்தை மாத்தேலுமே?"

யாழ்ப்பாணத்தில் கோழிக்கும் ஆட்டுக்கும் ஹோர்ன் அடித்த கை இது. ரொறன்ரோவில் கார் பழக்கிய மாஸ்டர்தான், இங்கே அது தூஷணம் பேசுவதற்குச் சமம் என்று அடக்கி வைத்தார். அன்றிலிருந்து நான் கனவான்.

கனவான் பாலத்தின் நடுவுக்கு ஏறியதும் எதிரே ஒரு ட்ரக்டர், பின்னால் வைக்கோல் ஏற்றிய பெட்டி. பிரேக்கை மிதித்தேன். ஈரப் பலகையில் வழுக்கிய கார் ஒரு கை நீளத்தில் நின்றது. ட்ரக்டர்காரர் ஹோர்ன் அடித்தாராம். எங்கள் காருக்குள் உரத்து ஓடிய நாதஸ்வரப் பாட்டில் கேட்கவில்லை.

பெட்டியோடு பின்னால் போக முடியாது என்று அவர் கையை விரித்தார். போகவேண்டியவன் நான். பாலத்தின் கைப்பிடி முழங்கால் உயரம். கீழே ஆறு பெருகி ஓடியது. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தவறியவன் நான் என்பது மாலினிக்குத் தெரியும். இறங்கிக் காருக்குப் பின்னால் போனாள்.

"கமராவைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. நேர... கொஞ்சம் இடக்கைப் பக்கம்..."

நடந்து நடந்து பனிப்புகாருக்குள் மறைந்தாள். குரல் மட்டும் வந்தது. அப்போது அவளுக்கும் பின்னாலிருந்து இரண்டு ஹோர்ன். மார்த்தாவை விலகச் சொல்லிவிட்டு ஒரு கார் பாலத்தில் ஏறப்போகிறது.

உள்ளங்கையால் ஹோர்னை அமத்திப் பிடித்தேன். கையை எடுக்கப் பயம். எடுக்காவிட்டால் அவள் குரலும் கேட்காது.

பின்கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

"காணும், கையை எடுங்கோ. அந்தாள் நிப்பாட்டிட்டார்," என்றாள் மாலினி. முகம் வெளிறியிருந்தது. "இண்டைக்கெண்டாலும் மரியாதை கெட்டீங்கள்."

மூன்றரைக்கு மோர்னிங்சைட். சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் நின்ற எனக்குப் பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். வழக்கமாக வாய்க்குள் ஏதாவது சொல்வேன். அன்று, மாலினி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்துச் சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரை.

அவன் இன்னொரு தரம் அடித்தான். பிறகுதான் காரை எடுத்தேன்.