கேப்ஸ்யூலில் மிச்சமிருந்த பொடி

என் கணவர் ஆரணியில் பட்டு நெய்பவர். மூச்சிரைப்பு அதிகமானதால், கேப்ஸ்யூலைச் சின்னக் கருவியில் போட்டு வாயால் உறிஞ்சும் பொடி மருந்தை டாக்டர் கொடுத்தார். வாரக்கணக்கில் எடுத்தும் குறையவில்லை. திருட்டுத்தனமாக பீடி பிடிக்கிறாரோ என்று சட்டைப்பையைத் துழாவினேன். எதுவும் சிக்கவில்லை. ஒருநாள் அவர் உறிஞ்சிவிட்டு வைத்த கேப்ஸ்யூலைப் பிரித்தேன். பொடி அப்படியே இருந்தது.

“மருந்து எடுக்கற மாதிரி என்னை ஏமாத்திகினு இருக்கீங்களா?” என்றேன்.

“நல்லா இழுத்துகினுதான் இருக்கேன். நம்ப மாட்டேன்றியே” என்றார்.

நம்பாமல் டாக்டரிடமே கூட்டிப்போய்ப் புகார் சொன்னேன். அவர் தன் எதிரிலேயே உறிஞ்சச் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார் என் கணவர். பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பொடி மிச்சம்.

“அவர் ஏமாத்தலைம்மா. இதை வேகமா இழுத்தாதான் உள்ள போவும். அவருக்கு அந்த அளவுக்கு மூச்சு இல்ல” என்றார் டாக்டர்.

மருந்தே போய்ச் சேராத நெஞ்சோடுதான் இத்தனை நாள் தறியில் உட்கார்ந்திருக்கிறார். நிதானமாக மூச்சு இழுத்தாலே போதுமான, பிளாஸ்டிக் குடுவை பொருத்திய ஸ்பிரே மருந்துக்கு டாக்டர் மாற்றினார். இரைப்பு மெல்லக் குறைந்தது.

இப்போதெல்லாம் எந்தப் புது மருந்து கொடுத்தாலும், டாக்டர் எதிரிலேயே அவரை ஒருமுறை எடுக்கச் சொல்கிறேன். சரியாக உள்ளே போகிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே எழுந்து வருகிறேன்.