அவனுக்கு வந்த வாழைப்பழம்

மருத்துவ மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டால், "கிராமத்துக்கு வாங்க பிள்ளைகளா" என்று சொல்லி, சேவை, மனநிறைவு என்று ஏதாவது சேர்த்துக்கொள்வேன். நான் கிராமத்து டாக்டர் ஆனதற்குக் காரணம் வயிற்றெரிச்சல். அதை மேடையில் சொல்வதில்லை.

தொண்ணூறுகளில் நானும் என் அறைத்தோழனும் பயிற்சி டாக்டர்களாக, வாழை விளையும் களக்காட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஒரே அறையில் இரண்டு மேசை. அவன் மேசைக்கான வரிசை வாசல் தாண்டி வெயிலில் நிற்கும். என் மேசை முன்னால் ஃபேன் காற்று வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "இங்கன வாங்க" என்றால், "இருக்கட்டும், நாங்க அவுகளையே பாத்துக்கிடுதோம்" என்பார்கள். அவனோ கடற்கரைக்காரன். வாழைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் வாரந்தவறாமல் அவனுக்குத்தான் ஏத்தன் வாழைப்பழச் சீப்பு வந்தது. டவுணில் பிறந்த எனக்குத் தோலை வெளியே போடும் வேலை.

வேவு பார்த்தேன். நோயாளிகளின் சீட்டுக்குப் பின்னால் பென்சிலில் கிறுக்கி வைத்திருந்தான்: 'மாடு சினை', 'மகன் பம்பாயில்'. அடுத்த முறை அதைப் பார்த்துக் குசலம் விசாரிப்பான். பூ, இவ்வளவுதானா!

அவன் டீ குடிக்கப் போன நேரம், தலைசுற்றல் என்று வந்த ஓர் அம்மாவை மடக்கி உட்கார வைத்தேன். சீட்டைத் திருப்பினேன்.

"மாடு கண்ணு போட்டுட்டாம்மா?"

"எனக்கு ஏது மாடு? அது பக்கத்து வீட்டுக்காரிக்குல்லா."

"அப்ப இது யாரு சீட்டு?"

"அவ சீட்டுதான். எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு. அவளுக்கும் அப்படித்தான் வந்துச்சாம். ஒரு மாசமா அவ மாத்திரையத்தான் நானும் முழுங்குதேன். தீந்துபோச்சு, வாங்க வந்தேன்."

அது ரத்த அழுத்த மாத்திரை. அளந்தால் அழுத்தம் பாதாளத்தில் கிடந்தது. இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. முதலில் வந்த கிறுகிறுப்புக்குக் காரணம் ரத்தசோகை. பழைய மாத்திரையை நிறுத்தி, அவர் பெயரிலேயே புதுச் சீட்டு போட்டு, பின்னால் எழுதினேன்: 'மாடு இல்லை'.

சில வாரம் கழித்துத் தெளிவாக வந்தார், கையில் சீப்போடு. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அந்த டாக்டர் இல்லியா? வந்தா குடுத்திருங்க. அவுக கூட இருக்கப்போயிதான் நீங்களும் நல்லா பாக்கிய."

கொடுக்கவில்லை. மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுச் சீப்பையும் தின்றேன். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த எனக்கு மருந்து கொடுத்ததும் அவன்தான்.

"என்னலே தின்ன?"

"ஒண்ணுமில்லலே."

பயிற்சி முடிந்ததும் அவன் மேற்படிப்புக்குப் போனான். நான் அதே ஊருக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டேன். என் பேருக்கு ஒரு சீப்பு வராமல் நகர்வதில்லை என்ற வைராக்கியம்.

வந்தது, மூன்றாம் வருடம். அதே அம்மாதான் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த டாக்டர் சௌக்கியமா இருக்காகளா?"